என் தங்கை மலையில் தூங்குகிறாள்

என் தங்கை தீபலட்சுமி தைத்த அப்பரை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்போம். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் உள்ள எங்கள் கம்பெனியில் அவள் மூன்றாவது லைனில் தையல், நான் செக்கிங் டேபிள். ஜோடி ஜோடியாக எடுத்து, தையல் ஒன்றுபோல் இருக்கிறதா, தோலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. சொந்தத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவளுடையதை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன். ஒரு குறையும் இருக்காது. புதிதாக வருகிற பெண்களிடம் சூப்பர்வைசர், "தீபா சீட்டுக்குப் பின்னாடி அரை மணி நேரம் நின்னு பாரு, அது போதும்" என்பார். அப்போது நான் குனிந்து தோலைத் தடவிக்கொண்டிருப்பேன். சிரித்துவிட்டால் அழகாக இருக்காது.

அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்கு இருபத்தாறு. குடியாத்தம் பக்கத்து எங்கள் ஊரைவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் எட்டாவதோடு நின்றவள். அவளைப் பன்னிரண்டாவது முடிக்க வைத்தேன். பிறகு கம்பெனியில் சேர்த்தேன். அவள் சடையைப் பின்னுவது முதல் பி.எஃப். படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுவது வரை எல்லாம் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையும் உண்டு.

அவளுக்கு ஒரே ஒரு குறை, கால். மெஷினில் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் இருக்காது. மிதிப்பதற்குப் பெடல் இருக்கிறதே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால் தொடங்கும். வலி இல்லை, மரத்துப்போவதும் இல்லை. "எலும்புக்குள்ள கையை விட்டு யாரோ நூலை இழுக்கற மாதிரி இருக்குக்கா" என்பாள். காலை அசைத்தால் அந்த இழுப்பு நிற்கும். நிறுத்தினால் மறுபடி இழுக்கும். படுத்தால் எழுந்து நடப்பாள், நடந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்து படுத்தால் மறுபடி இழுக்கும். கெண்டைக்காலை நான் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் அடங்கும். அப்படிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தபடி நான் தூங்கிப் பழகிவிட்டேன். அவள் கால் ஆடும் சத்தத்தை, பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறதென்று என் புருஷன் நாகேந்திரன் கேலி பேசுவார். ஆட்டோ ஓட்டுகிறவர், படுத்த நிமிடம் குறட்டை விடுவார். அவருக்கென்ன.

அந்தக் காலால் ஒரு கல்யாணமும் போனது. காவேரிப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. காலையில் வரச் சொல்லியிருந்தேன், அவர்கள் கேட்கவில்லை. தீபாவைப் பாயில் உட்கார வைத்து, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, புடவைக்கு அடியில் அவள் பாதத்தின் மேல் என் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டேன். கால் மணி நேரம் தாங்கியது. பிறகு என் முழங்காலும் சேர்ந்து ஆடியது.

மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டார். "பொண்ணு எப்பவும் இப்டித்தான் காலை ஆட்டுமா? குடும்பத்துக்கு ஆவாதே."

நான் வாயைத் திறப்பதற்குள் தீபா, "ஆமாங்க. படுத்தா இன்னும் ஜாஸ்தி" என்றாள்.

நாகேந்திரன் சிரித்துத் தொலைத்தார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். பாத்திரம் கழுவும்போது, "உனக்கு இன்னா வாய்டீ" என்று திட்டினேன். "கல்யாணம் ஆயி நீயும் கூட வந்து காலைப் புடிப்பியா?" என்று கேட்டாள். பிடிக்க மாட்டேன் என்று அவள் எப்படி முடிவு செய்தாளோ தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனிக்கு மருத்துவ முகாம் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கம்பெனி கிளினிக்குக்கு வரும் டாக்டர் ஹுமேராதான் அந்தக் காலுக்கு ஒரு பெயர் சொன்னார். கால் சும்மா இருக்க முடியாத நோய். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறது, அதுவும் காரணமாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை கொடுத்த நர்ஸ், "டெய்லி ஒரே டைம்ல போடணும், மறக்கக் கூடாது" என்றார்.

எனக்கு ஒன்றைச் சொன்னால் போதும். அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, பேப்பரில் போட்டிருக்கும் வெயில் அளவு, அவள் படுத்த நேரம், எத்தனை தடவை எழுந்தாள், மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினாள், கடைசியில் மாத்திரைக்கு ஒரு டிக். டாக்டர் சீட்டை முதல் பக்கத்தில் ஓரம் மடங்காமல் ஒட்டினேன். வேளையையும் நானே தேர்ந்தெடுத்தேன். சாப்பாட்டுக்கு எங்களை வேறு வேறு நேரத்தில் விடுவார்கள். எல்லா லைனும் சேர்ந்து நிற்பது காலை பத்து மணிக்குத்தான். அப்போது நான் டேபிளைவிட்டு இறங்கிப் போய், மாத்திரையைப் பிரித்து, என் கையால் அவள் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்பேன். "ஜெயில்ல கூட இப்டி செக் பண்ண மாட்டாங்க" என்று பக்கத்து சீட் தபஸ்ஸும் சொல்வாள். இரண்டு வருடத்தில் ஒரு டிக்கும் விட்டுப்போகவில்லை.

தூக்கம் மட்டும் ஏறவில்லை. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் தூங்கினாள், மார்கழிக் குளிரில் மூன்றரை.

போன மே மாதம் வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டது. சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்தாள் தீபா. ஐந்து நிமிடத்தில் துண்டு காய்ந்தது, பத்தாவது நிமிடம் எழுந்து நடந்தாள். ஒருநாள் தபஸ்ஸும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"எங்க சின்னம்மா ஏலகிரி மேல வீடு கட்டி ஹோம்ஸ்டே நடத்துறாங்க. மூணு ரூம். கூட ஒத்தாசைக்கு ஆள் தேடுறாங்க. குளுகுளுன்னு இருக்கும். ஒரு மாசம் போய்ட்டு வா தீபா, கால் தானா அடங்கிடும்."

"குளிர்ல மட்டும் அடங்கிடுமா? மார்கழிக் கணக்கைப் பாரு" என்று நோட்டைத் திறந்து காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

"நோட்டை மூடு சோபனா. பொண்ணு மொகத்தைப் பாரு" என்றார் நாகேந்திரன்.

தீபா அதற்குள் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் இல்லாத லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூன் முதல் தேதி ஏறிப் போனாள்.

முதல் வாரம் ஃபோனில் கேட்டபோது நான்கு மணி நேரம்தான் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தங்கை தூங்காததில் என்ன சந்தோஷம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. மூன்றாவது வாரம் ஐந்து. ஜூலை நடுவில் ஆறரை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன், ஆனால் பேனா அழுந்திப் போனது. பதினோரு வருடம் நான் பிடித்த கால், என் கை இல்லாமல் அடங்குகிறது.

அதைவிட ஒன்று. தபஸ்ஸுமின் சின்னம்மா, அந்த ஹோம்ஸ்டே அம்மாவின் பெயர் ஜஹீருன்னிசா. ஃபோன் பேசும்போதெல்லாம் தீபா, "ஆபா அப்டிச் சொன்னாங்க, ஆபா இதைக் குடுத்தாங்க" என்பாள். ஆபா என்றால் உருதுவில் அக்கா. கம்பெனியில் பாதிப் பேர் பேசுகிற பாஷை, எனக்குத் தெரியாதா? "அம்மான்னு கூப்புடேன், வயசானவங்கதானே" என்றேன். "அவங்கதான்க்கா அப்டிக் கூப்புடச் சொன்னாங்க" என்றாள்.

ஒரு மாதம் மூன்று மாதமாகப் போகிறது என்று ஆகஸ்டில் ஆபீஸிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் மூன்றாவது லைன் சீட்டை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஃபோனில் சொன்னேன். "பாக்கலாம்க்கா" என்றாள். அந்த வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாணியம்பாடியில் இறங்கி மலை பஸ் பிடித்தேன்.

பதினான்கு வளைவு. எண்ணினேன். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று மாறியது. பத்தாவதில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நல்ல காற்றுதான், அதனால்தான் எரிச்சல்.

தீபா கன்னத்தில் சதை போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கருப்பு வெளுத்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "மெலிஞ்சிட்டியேக்கா" என்றாள். நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது. ஜஹீருன்னிசா அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், பெரிய கண்ணாடி, கையில் சாவிக்கொத்து. மட்டன் குழம்பும் கோஸ் பொரியலும் போட்டார். குறை சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டதும் தீபா, "ஒரு மணி நேரம் படுக்கறேன்க்கா. காலையில அஞ்சுக்கே எழுந்தேன்" என்று சொல்லிவிட்டு என் எதிரிலேயே கட்டிலில் சாய்ந்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். பெருவிரல்கூட அசையவில்லை. வாய் லேசாகத் திறந்து சின்னப் பிள்ளைபோலத் தூங்கினாள். போர்வை விலகியிருந்த கெண்டைக்காலைப் பிடிக்கலாமா என்று கை போனது. பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் ஜஹீருன்னிசா அம்மா, "பாத்தீங்களா? இந்தக் காத்துதான் மருந்து. நான் சொன்னா தபஸ்ஸும் நம்பல" என்றார்.

தலை வலித்தது. "ஒரு டீ கெடைக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"டீயா? இந்த வீட்டுல டீத்தூளே கெடையாதுமா. எனக்கு வயித்துல புண்ணு, டாக்டர் நிறுத்திட்டார். தூள் இருந்தா நான் திருட்டுத்தனமா போட்டுக் குடிச்சிடுவேன். அதான் வாங்கறதே இல்ல. கெஸ்ட்டுங்க கேட்டாலும் ரோட்டுக் கடைக்குத்தான் அனுப்புறது. எலுமிச்சம்பழத் தண்ணி தரட்டா? தீபாவுக்குக் காலையில மாத்திரைக்கு அதான்."

"மாத்திரையை யாரு தர்றாங்க?"

"நான்தான். எழுந்ததும் வெறும் வயித்துல. விழுங்கற வரைக்கும் நிப்பேன்."

அந்த வேலையும் போய்விட்டதா என்று இருந்தது எனக்கு. எலுமிச்சம்பழத் தண்ணீர் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எழுந்து வந்த தீபா பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, சீட் விஷயத்தைப் பற்றிக் கடைசி சனிக்கிழமை நேரில் வந்து பேசுவதாகச் சொன்னாள்.

கீழே வந்த பிறகு எனக்கு ஒரே நினைப்பு. இந்த மலை அவளுக்கு ஆகாது என்று யாராவது படித்தவர்கள் சொல்லிவிட்டால் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு ஃபோனில் தேடச் சொன்னேன். உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கால் நோய் அதிகம் காணப்படுவதாக ஒரு கட்டுரை கிடைத்தது. அதைத் தமிழில் என் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் ஹுமேரா முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"மேடம், உசரத்துல இருந்தா இது ஜாஸ்தி ஆவுமாமே. எங்க தீபா மலை மேல இருக்கலாமா?"

டாக்டர் படித்துப் பார்த்தார். "அப்படிச் சில ஆராய்ச்சி இருக்கு. ஆனா அது ரொம்ப உயரமான மலை நாட்டுக்காரங்களைப் பாத்து எழுதினது. ஏலகிரி மூவாயிரத்து சொச்சம் அடிதான். அதுக்குப் பொருந்தும்னு சொல்ல முடியாது. தூங்கறாளா?"

"ஏழு மணி நேரம்" என்றேன். "அப்ப அந்தக் குளுமைதான் காரணமா மேடம்?"

"வெயில்ல யாருக்குமே தூக்கம் கெடும். குளுமைக்கும் பங்கு இருக்கலாம். ஆனா காத்துதான் மருந்துன்னா மலைக்குப் போன முதல் வாரமே தெரிஞ்சிருக்கணும். இவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறியிருக்கு? இரும்பு ஏறினா இப்படித்தான் ஏறும்." நோட்டைப் புரட்டிக்கொண்டே போனார். என் டிக்குகளைப் பார்த்து, "அடேயப்பா" என்றார். எனக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது. "இங்க இருந்தப்ப மாத்திரையை எப்பப் போடுவா?"

"டெய்லி பத்து மணிக்கு மேடம். டீ டைம். ஒருநாள் தவறினதில்ல."

"எதோட?"

"டீயோடதான். ஞாயித்துக்கெழமை வூட்டுலயும் அதே பத்து மணி, அதே டீ."

டாக்டர் பேனாவை மூடினார். நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, நான் ஒட்டி வைத்திருந்த சீட்டில் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். இங்கிலீஷில் பொடியாக ஒரு வரி. "டீ, காப்பியோட போடாதீங்கன்னு எழுதியிருக்கேன்மா. டீ இரும்பை உடம்புல சேர விடாது. நான் வாயால சொல்லியிருக்கணும். அன்னைக்கு வரிசையில முந்நூறு பேர்."

அப்புறமும் ஏதோ சொன்னார். என் மேல் தப்பில்லை என்று இருக்கும். இரண்டு வருடம், எழுநூறு டிக். ஒன்றாவது மறந்திருக்கக் கூடாதா? வீட்டில் மறந்துபோய்த் தண்ணீரில் விழுங்கியிருந்தால் ஒரு மாத்திரையாவது உடம்பில் சேர்ந்திருக்கும். கவனமில்லாத அக்காவாக இருந்திருந்தால் அவள் எப்போதோ தூங்கியிருப்பாள்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் வேறொன்று தோன்றியது. மலை ஒன்றும் செய்யவில்லை என்றால் அவள் மலையில் இருக்க வேண்டியதே இல்லையே! எலுமிச்சம்பழம் ஆம்பூரிலும் விற்கிறது. டீ விஷயத்தைச் சொல்லாமல், 'டாக்டரம்மா இங்கயே இருக்கலாம்னுட்டாங்க' என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நாகேந்திரனிடம் கேட்டேன்.

"பாதியைச் சொல்லி அழைச்சுக்கினு வந்தா, மீதியை யாரு சொல்றது? கிளினிக்குல பேசுனது கம்பெனியில பரவாதா? தபஸ்ஸும் சொல்லுவா" என்றார்.

கடைசி சனிக்கிழமை தீபா வந்தாள். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். பாத்திரக் கடைக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்து, கிளினிக்கில் நடந்ததையெல்லாம் சொன்னேன். பாதியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். வாய் நிற்கவில்லை. டாக்டர் சீட்டையும் எடுத்துக் காட்டினேன்.

அவள் சீட்டைப் பார்க்கவே இல்லை. "தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"மொத வாரமே ஆபா கேட்டாங்க, எதோட போடுவன்னு. டீயோடன்னேன். தலையில அடிச்சுக்கினாங்க. அவங்க பொண்ணு நர்ஸு, அதனால தெரியுமாம்."

"காத்துதான் மருந்துன்னு எங்கிட்டயே சொன்னாங்களே!"

"நான்தான் அப்டிச் சொல்லச் சொன்னேன். டீயாலன்னு தெரிஞ்சா நீ தூங்க மாட்டன்னு."

பஸ்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக அந்த இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசி, என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் தங்கையின் மேல் பெருமையாகவும் இருந்தது, அந்த அம்மாவின் சாவிக்கொத்தைப் பிடுங்கி எறியலாம் போலவும் இருந்தது.

"சரி, அப்ப வந்துடு. இங்கயே எலுமிச்சம்பழம் புழிஞ்சு தர்றேன். மூணாவது லைன்ல உன் எடம் இன்னும் இருக்குது, திங்கக்கெழமை ஏறிடலாம்."

தீபா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் வரலக்கா. ராஜினாமா குடுக்கத்தான் வந்தேன்."

"ஏன்டீ? கால்தான் சரியாயிடுச்சே."

"அதான்க்கா. காலு சரியாயிடுச்சு. இப்ப எனக்கு எங்க புடிச்சிருக்குன்னு பாக்க முடியுது. எனக்கு அங்க புடிச்சிருக்கு. ரூமுக்கெல்லாம் கர்ட்டன், மெத்தை உறை நானே தைக்கப் போறேன். பக்கத்து ஹோம்ஸ்டேல கூட கேட்டிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீ கோச்சுக்கினா கூட பரவால்ல. வூட்டுல நான் தைக்கிற மெஷினை மட்டும் அனுப்பு" என்றாள்.

மலையால்தான் சரியானது என்று அவள் சொல்லியிருந்தால் மலையைத் திட்டிவிட்டு இருந்திருப்பேன். காற்றுக்காகப் போனாள் என்று கம்பெனியில் சொல்லிக்கொள்ளலாம். அவள் தானாகத் தேர்ந்தெடுத்துப் போகிறாள். அவளோடு ஆபீஸ் வரை நடந்து போனேன். கையெழுத்துப் போடும் இடத்தை அவளே கண்டுபிடித்துப் போட்டாள். சூப்பர்வைசர், "தீபா மாதிரி கை இனிமே கெடைக்காது" என்றார். "கெடைக்காது சார்" என்றேன்.

அடுத்த ஞாயிறு விடிகாலையிலேயே மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஊசியைக் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டி, தலைப்பாகத்தைப் பழைய போர்வையில் சுற்றினேன். நாகேந்திரன் ஆட்டோவில் வாணியம்பாடிக்குக் கொண்டுபோய் மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஜஹீருன்னிசா அம்மாவுக்கே ஃபோன் செய்தேன்.

"வந்துடுச்சுமா. ஜன்னல் ஓரமா போட்டு, அப்பவே தைக்க உக்காந்துட்டா. நீங்க கவலையே படாதீங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். "ஒண்ணு சொல்றேன்மா. தைக்க உக்காந்துட்டா அவளுக்குப் பசி தெரியாது. சாப்பிடக் கூப்புட்டா காதுலயும் விழாது. பக்கத்துல போய்த் தோளைத் தொடணும்."

"அரே, அது எனக்குத் தெரியாதே. இன்னிக்கு ரெண்டு தரம் கூப்பிட்டுட்டு, வரலியேன்னு கோவமா உக்காந்திருக்கேன். நல்லவேளை சொன்னீங்க."

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. வைத்த பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஆனால் மணி இரண்டரை ஆகியிருந்தது, அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.